நல்லதண்ணிக் கிணற்றின் வரலாறு

எங்கள் வகுப்பில் சொந்தமாகப் புவியியல் வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். மற்ற பையன்கள் எல்லாம் தில்லியின் அரசாங்கக் குடியிருப்புகளில், ஒரே அச்சில் வார்த்த மஞ்சள் கட்டடங்களில் இருந்தார்கள். குளிர்கால விடுமுறைக்கு முன்னால் டீச்சர், "அவரவர் வட்டாரத்தின் புவியியலையும் வரலாற்றையும் சார்ட் பேப்பரில் வரைந்துகொண்டு வந்து, வகுப்பின் முன் நின்று பேச வேண்டும்" என்றபோது அவர்கள் முகம் வாடிவிட்டது. செக்டாரில் புவியியல் என்று என்ன இருக்கிறது? ஒரு பால் பூத், ஒரு ரேஷன் கடை, ஒரு பஸ் நிறுத்தம். வரலாறு என்றால் போன வருஷம் வெள்ளையடித்தது.

எனக்கோ ஒரு ஊரே இருந்தது. அப்பா மத்திய அரசில் குமாஸ்தா. குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அது கிடைக்கும் வரைக்கும் என்று சொல்லி, நகரத்தின் தென்மேற்கு ஓரத்தில் ஒரு ஜாட் கிராமத்தில், ஒரு வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தார். 'கிடைக்கும் வரைக்கும்' என்பது எழுபதுகளில் நீண்டதொரு காலம். அதற்குள் எனக்கு முன்பற்கள் விழுந்து முளைத்துவிட்டன.

ஊரின் முழுப்பெயர் கொஞ்சம் நீளம். அங்கிருந்தவர்கள் சுருக்கிக் கேடா என்பார்கள். கேடா என்றால் மேடு. பெயருக்கு ஏற்ற ஊர். மழைக்காலத்தில் சுற்றியிருந்த செக்டார்களில் ஸ்கூட்டர்கள் கழுத்தளவு நீரில் நிற்கும்போது, கேடாவின் சந்துகளில் தண்ணீர் ஒரு வாய் பேசிவிட்டுப் போகிற விருந்தாளி மாதிரி உடனே கிளம்பிவிடும். எல்லாச் சந்துகளும் சரிந்து சரிந்து, ஊருக்குக் கீழே ஜோஹட் என்கிற குளத்தில் போய் முடியும். குளம் நிறைய எருமைகள். எருமைகள் என்றால் மூக்குகள் மட்டும். ஊருக்குப் பின்னால் கீக்கர் முள்மரங்கள் அடர்ந்த பாறைக் கரடு. ஆரவல்லி மலைத்தொடரின் வால் நுனி அது. பாடப்புத்தகத்தில் பழுப்பு நிறத்தில் பெருமையாகக் கிடந்த ஆரவல்லி, எங்கள் வீட்டுப் பின்புறம் எருமைகள் முதுகு சொறிந்துகொள்ளும் அளவுக்கு எளிமையாக இருந்தது.

முன்பு மேட்டைச் சுற்றி நாற்புறமும் வயல்கள். கோதுமை, கடுகு, கடலை. அரசாங்கம் வயல்களை எடுத்துக்கொண்டு ஊரை மட்டும் விட்டுவிட்டது, வாழை இலையில் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு ஊறுகாயை மட்டும் மிச்சம் வைப்பது போல. வயல்களில் மஞ்சள் கட்டடங்கள் முளைத்தன. அப்பா காத்துக்கொண்டிருந்த குவார்ட்டர்ஸ், எங்கள் வீட்டுக்கார அம்மாளின் கோதுமை வயலில்தான் கட்டப்பட்டிருந்தது. இது அப்பாவுக்கும் தெரியும், அந்த அம்மாளுக்கும் தெரியும். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

அந்த அம்மாளைத் தெருப் பிள்ளைகள் எல்லாம் தாயி என்போம். பெரியம்மா என்று அர்த்தம். ஆறடி உயரம், ஆண்குரல், தலையில் புல்கட்டோடு நடந்தால் தெரு ஒதுங்கும். மூன்று பெண்களைப் பெற்றுக் கட்டிக்கொடுத்துவிட்டு, கடைசியாக ஒரு மகனைப் பெற்றவள். அவன் எப்போதும் லாரியில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பான். அவள் கணவர் விடியற்காலையில் சைக்கிளில் பால் கேனைக் கட்டிக்கொண்டு கிளம்பினால் எந்நேரமும் வெளியில்தான். மாடியில் என்ன நடக்கிறது என்று விசாரிக்கிற ஆளே இல்லை.

இப்பேர்ப்பட்ட தாயி, கணவரின் அண்ணனைக் கண்டால் மட்டும் முக்காட்டை மார்பு வரை இழுத்து விட்டுக்கொண்டு ஊமையாகிவிடுவாள். அவரை நாங்கள் பெரிய தாவூ, அதாவது பெரியப்பா, என்போம். கணவனைவிட மூத்த ஆண்கள் முன்னால் முகம் காட்டக் கூடாது, பேசக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதற்காகப் பேச வேண்டியது பேசாமல் இருக்குமா? நடுவில் ஒரு குழந்தையை நிறுத்திக்கொள்வார்கள். தாயி என் காதில் "எருமை சாப்பிட மாட்டேங்குது, வந்து பார்க்கச் சொல்லு" என்பாள். அந்த ரகசியம் அடுத்த தெருவுக்குக் கேட்கும். இரண்டு முழ தூரத்தில் நிற்கும் பெரிய தாவூ எங்கேயோ பார்த்துக்கொண்டு நிற்பார். நான் அதையே உரக்கச் சொன்ன பிறகுதான் அவருக்குக் காது கேட்கும். ஊரிலேயே டெலிபோன் இல்லாத காலத்தில் நான் டெலிபோனாக இருந்தேன். அதில் எனக்குப் பயங்கரப் பெருமை.

ஊரில் மூன்று கிணறுகள். இரண்டு உப்பு. அந்தத் தண்ணீரில் குளித்தால் தலைமுடி தேங்காய் நாராகிவிடும். மூன்றாவது கிணறு, மேட்டின் உச்சிக்குச் சற்றுக் கீழே, ஆண்கள் உட்கார்ந்து ஹூக்கா பிடிக்கிற சௌபால் மண்டபத்தைத் தாண்டி இருந்தது. சுற்றிலும் உப்பு, நடுவில் அது மட்டும் கற்கண்டு. ஊர்க்காரர்கள் மீட்டா குவாம் என்பார்கள். அம்மா அதை நல்லதண்ணிக் கிணறு என்று மொழிபெயர்த்துக்கொண்டாள்.

அம்மா திருநெல்வேலிப் பக்கம். தாமிரபரணிக் கரையில் பிறந்தவர்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுக்கவே கூடாது. கேடாவுக்கு வந்த புதிதில் குடித்தனக்காரர்களுக்கு என்று ஊர் எல்லையில் ஒரு கார்ப்பரேஷன் குழாய்தான். அதுவும் பக்கத்து உப்புக் கிணற்றிலிருந்து ஏற்றுகிற தண்ணீர். துவரம்பருப்பு அதில் காலையிலிருந்து மாலை வரை கொதித்தும், போட்டபடியே முழிக்கும். ஒரு நாள் அம்மா அந்தப் பருப்புப் பாத்திரத்தை அப்படியே தூக்கிக்கொண்டு கீழே போய்த் தாயியின் முன்னால் வைத்தாள். அன்றைய தேதிக்கு அவள் கைவசம் இருந்த ஹிந்தி முழுவதையும் செலவழித்து, "பானி. தால். நஹீம்" என்றாள்.

தாயி ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். நசுங்கவில்லை. விழுந்து விழுந்து சிரித்தாள். மறுநாள் காலை அம்மாவைக் கையைப் பிடித்து நல்லதண்ணிக் கிணற்றுக்கு அழைத்துப் போய், அங்கே நின்ற பெண்களிடம், "இவ என் ஆளு. என் முறையில இவளும் இறைப்பா" என்று அறிவித்தாள். யாரும் மறுத்துப் பேசவில்லை. அன்றிலிருந்து ஊரில் உள்ள குடித்தனக்காரிகளில் அம்மா ஒருத்திக்குத்தான் அந்தக் கிணற்றடியில் இடம். அவளுக்கு அது ராஜ்யம் கிடைத்த மாதிரி. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் மேட்டிலிருந்து இறங்கி வருகிற அழகைப் பார்த்தால், அப்பாவுக்குக் குவார்ட்டர்ஸ் கிடைக்காமலே போனாலும் பரவாயில்லை என்று தோன்றும்.

இது புவியியல். வரலாற்றுக்கு நான் சௌபாலுக்குப் போனேன்.

நல்லதண்ணிக் கிணற்றை யார் வெட்டியது என்று கேட்டேன். ஊரின் நிலவரி வசூலித்த பரம்பரையில் வந்த நம்பர்தார், ஒரு பாதுஷா வேட்டைக்கு வந்து தாகத்தில் தவித்தபோது தன் முப்பாட்டனார் வெட்டிக் கொடுத்தது என்றார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஃபௌஜி, வெள்ளைக்காரத் துரை ஒருவன் வெட்டியது என்றார். பாதுஷாவுக்கும் துரைக்கும் நடுவில் சண்டை மூண்டது. அதுவரை சும்மா இருந்த பெரிய தாவூ ஹூக்காவை இழுத்துவிட்டு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"இவங்க சொல்றது எல்லாம் பொய். கேட்டுக்கோ. முதல்முதலா இந்த மேட்டுக்கு வந்தவருக்கு ஒரு பொண்ணு. அவ ஒரு எருமை வச்சிருந்தா. அந்த எருமை உப்புத் தண்ணியில வாயே வைக்காது. தினமும் மேட்டுல ஒரே இடத்துல போய்ப் படுத்துக்கும். அந்தப் பொண்ணு அப்பன்கிட்ட, இங்க தோண்டுன்னா. அப்பன் மேட்டுல யாராவது கிணறு வெட்டுவாங்களான்னு திட்டினார். அவ தானே மண்வெட்டியை எடுத்துக்கிட்டா. அப்புறம் அவரும் தோண்டினார். கற்கண்டு."

இதே பெரிய தாவூதான் ஜோஹட்டின் அடியில் ஒரு சுரங்கம் இருப்பதாகவும், அது கல்கத்தாவில் போய்த் திறப்பதாகவும் சொல்லியிருந்தார். நான் அதையும் சார்ட்டில் எழுதி, கல்கத்தா பக்கம் ஓர் அம்புக்குறியும் போட்டிருந்தேன். எருமை விஷயத்தைப் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, தாயிக்குப் படித்தும் காட்டினேன். எருமை படம் சரியாக வராமல் ஸ்கூட்டர் மாதிரி வந்தது.

இதற்கு முன்பே, தீபாவளி கழிந்து கொஞ்ச நாளில், பெரிய ஆஸ்பத்திரியில் எனக்கு ஒரு தங்கை பிறந்தாள். திருநெல்வேலியிலிருந்து யாரும் வர முடியவில்லை. தாயிதான் தினமும் மாடிக்கு வந்து, குழந்தையைக் காலில் போட்டுக் கடுகெண்ணெய் தேய்த்து, நெருப்பில் கையைச் சூடுகாட்டி ஒத்தடம் கொடுப்பாள். ஒரு குடம் நல்லதண்ணீரும் அவளே கொண்டு வந்து வைப்பாள். மற்றபடி அப்பாவும் நானும் குழாயடியில். அப்பா சைக்கிள் கேரியரில் குடத்தைக் கட்டிக்கொண்டு மேடு ஏறுவதற்குள் பாதித் தண்ணீர் ரோட்டுக்கு. மீதி அவர் பேண்ட்டுக்கு. குளிருக்குப் பயந்து அம்மா கீழே இறங்கவே இல்லை.

நாற்பது கழிந்ததும் அம்மா தாயியிடம் ஒன்று கேட்டாள். அம்மாவின் பிறந்த வீட்டில் பிள்ளை பெற்றவள் தலைக்கு ஊற்றியதும் முதலில் ஆற்றங்கரைக்குப் போய்த் தண்ணீரைக் கும்பிட்டு, ஒரு குடம் மொண்டுகொண்டு வந்த பிறகுதான் அடுப்படிக்குள் நுழைவாளாம். இங்கே ஆற்றுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை காலையில் நல்லதண்ணிக் கிணற்றுக்குத் தன்னோடு சும்மா துணைக்கு வர முடியுமா என்று கேட்டாள். தாயி குழந்தையின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "வரேன்" என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்து எருமைக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்த எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கிணற்றுப் பூஜை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அந்த ஊரில் பிள்ளை பிறந்த வீட்டில் அதைவிடப் பெரிய கொண்டாட்டம் கிடையாது. நம்பர்தார் பேரனுக்கு நடந்தபோது பார்த்திருக்கிறேன். மஞ்சள் முக்காடு போட்டுக்கொண்டு குழந்தையின் அம்மா தலையில் குடத்தோடு நடுவில் போக, ஊர்ப் பெண்கள் சுற்றிலும் பாடிக்கொண்டு போவார்கள். திரும்பி வந்ததும் பிள்ளைகளுக்கு வேகவைத்த கோதுமையும் கொண்டைக்கடலையும் வெல்லமும், கைநிறையப் பதாசாவும். பதாசா என்பது வாயில் வைத்ததும் காணாமல் போகிற சர்க்கரைக் குமிழ். அன்று நான் மூன்று தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டு வேறு பையன் மாதிரி வரிசையில் நின்றேன்.

ஆகவே நான் கடமையைச் செய்தேன். சந்து சந்தாக ஓடி, ஒவ்வொரு வாசலிலும் நின்று, "ஞாயிற்றுக்கிழமை எங்க வீட்டில் குவாம் பூஜை, எல்லாரும் வந்துருங்க" என்று அழைத்தேன். பெண்கள் சாணி தட்டுவதை நிறுத்திவிட்டு, "அச்சா?" என்று சிரித்தார்கள். "மத்ராசிகள் தட்டுகூடத் தட்டலையே" என்றாள் ஒருத்தி. "அவங்களுக்கு என்ன தெரியும் பாவம்" என்றாள் இன்னொருத்தி. எனக்கு ஒன்றும் தப்பாகப் படவில்லை. அந்த ஊரில் பிள்ளை பிறந்த சேதியை வெண்கலத் தட்டைத் தட்டி அறிவிப்பார்கள், கிணறு கும்பிடுவார்கள் என்று பார்த்திருந்தேனே தவிர, எந்தப் பிள்ளை பிறந்தால் அது எதுவுமே நடப்பதில்லை என்று கவனித்திருக்கவில்லை. நடக்காததைக் கவனிக்கிற வயசு இல்லை அது.

அழைத்துவிட்டு வரும்போது வாசலில் தாயி புல் வெட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கூப்பிட்டு விசாரித்தாள். நான் என் சேவையை விவரித்தேன். அவள் கத்தி ஒரு கணம் நின்றது. அடி விழும் என்று நினைத்தேன்.

"மேல்தெருவுக்குச் சொன்னியா?"

"இல்ல, தாயி."

"போய்ச் சொல்லு. நம்பர்தார் வீட்டை விட்டுடாதே, அவ கோவிச்சுக்குவா. ஓடு."

ஓடினேன். பதாசா எவ்வளவு வாங்க வேண்டும் என்று கணக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை மூடுபனி விலகும் முன்பே கீழே பாட்டுச் சத்தம் கேட்டது. அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்தாள். சந்து முழுக்கப் பெண்கள். பச்சை, சிவப்பு, மஞ்சள் முக்காடுகள். முன்னால் கால் கொள்ளாத வெள்ளிக் காப்போடு நம்பர்தாரின் மனைவி.

"ஏல, இங்க வா. என்னல செஞ்சு வச்சிருக்க?"

"நீதானம்மா கிணத்துக்குப் போறேன்னு சொன்ன."

"அதுக்கு ஊரையே கூட்டிட்டு வருவியாக்கும்?"

சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் மாடிக்கு வந்துவிட்டார்கள். நம்பர்தாரின் மனைவி ஒரு மஞ்சள் முக்காட்டுத் துணியை அம்மாவின் தோளில் போர்த்தினாள். பிறகு, குழந்தையின் இடுப்பில் கட்டுவதற்காகக் கொண்டுவந்த கறுப்புக் கயிற்றை வாயில் கவ்விக்கொண்டு, தங்கையைச் சுற்றியிருந்த கம்பளியையும் துணியையும் பிரித்தாள். பாட்டு நடுவில் நின்றது. கயிறு வாயிலிருந்து விழுந்தது.

"அரே. இது சோரி."

சோரி என்றால் பெண். அது அறையிலிருந்து படிக்கட்டுக்கும், படிக்கட்டிலிருந்து சந்துக்கும் இறங்கிப் போவது கேட்டது. சோரி, சோரி, சோரி. யாரோ சிரித்தார்கள். "சோரிக்கு யாராவது கிணறு கும்பிடுவாங்களா?" என்று ஒரு குரல். கோபம்கூட இல்லை. பனியில் எழுந்து குளித்து, நல்ல துணி உடுத்திக்கொண்டு வந்தது வீணாகிவிட்ட சலிப்பு.

அப்பா இடுப்பில் துண்டோடு அறை மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றார். "ஏளா, நான் வேணா எறங்கிப் போயி, பையன் தெரியாமச் சொல்லிட்டான்னு சொல்லிருதேன்" என்றார் மெதுவாக.

"என்னன்னு சொல்லுவீங்க? வீட்டுல புள்ள பொறக்கலன்னா? கையில இருக்கது பின்ன என்னதாம்?"

அம்மா தணிந்த குரலில்தான் சொன்னாள். ஆனால் அவள் காது மடல் சிவந்திருந்தது. எனக்கு அவளைத் தெரியும். கூட்டம் அப்படியே திரும்பிப் போயிருந்தால் அவள் அழுதிருக்க மாட்டாள், சண்டை போட்டிருக்க மாட்டாள். அந்தக் கிணற்றடிக்கு மறுபடி போயிருக்கவே மாட்டாள். வேகாத பருப்பைத் தின்றுகொண்டே குவார்ட்டர்ஸுக்குக் காத்திருந்திருப்பாள். ஒரு ராஜ்யத்தையே இழக்க வைத்துவிட்டேனோ என்று எனக்குக் கவலை. பதாசா பற்றிய கவலையும் கொஞ்சம் இருந்தது, பொய் சொல்வானேன்.

அம்மா தங்கையைத் துணியில் சுற்றித் தாயியின் கையில் கொடுத்தாள். மஞ்சள் முக்காட்டைத் தலைக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டாள். குடத்தை எடுத்தாள். நம்பர்தாரின் மனைவியைப் பார்த்து, இப்போது கொஞ்சம் வளர்ந்திருந்த ஹிந்தியில், "ஆமாம், பெண்தான். வாங்க, வெயில் வந்துரும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

யாரும் நகரவில்லை. அப்போது எனக்குப் பின்னால் அந்த ஆண்குரல் எழுந்தது. பாட்டு நின்ற இடத்திலிருந்து தாயி எடுத்துப் பாடினாள். பாட்டில் 'சின்னப் பையா' என்று வருகிற இடங்களில் எல்லாம் 'சின்னப் பெண்ணே' என்று போட்டுப் பாடினாள். தாளம் கொஞ்சம் இடித்தது. அவள் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இரண்டு மூன்று இளம்பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்துக்கொண்டு கூடச் சேர்ந்தார்கள். மற்றவர்கள் வேடிக்கை பார்க்கிற தூரத்தில் பின்னால் வந்தார்கள்.

சௌபாலுக்கு முன்னால் வந்ததும் பாட்டு மறுபடி நின்றது. கட்டில்களில் பெரியவர்கள். பெண்கள் எல்லாரும் ஒரே வீச்சில் முக்காடுகளை இறக்கினார்கள்.

"யார் வீட்டுப் பையனுக்கு?" என்றார் நம்பர்தார் சந்தோஷமாக.

அவர் மனைவி என் காதருகில் குனிந்து, "சோரின்னு சொல்லு" என்றாள்.

"சோரி" என்றேன் உரக்க.

ஹூக்காவின் குடகுட சத்தம் நின்றது. பெரிய தாவூ கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சோரிக்குக் குவாமா? இது எந்த ஊர் வழக்கம்?"

அம்மா நிற்கவில்லை. அவளுக்கு அந்த ஹிந்தி புரியவில்லை என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். தலையில் குடத்தோடு, முதுகு வளையாமல், சௌபாலைத் தாண்டித் தனியாக மேட்டில் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.

என் தோளில் தாயியின் கை விழுந்தது. ஒரு மூட்டை கோதுமையின் கனம். அவள் வாய் என் காதுக்கு வந்தது.

"கேளு. கிணத்துக்கு இடம் காட்டினது யாருன்னு உனக்கு ஒரு கதை சொன்னாரே, அது யாருன்னு கேளு."

இதற்காகவே பிறந்தவன் போல நான் முன்னால் வந்தேன். கேள்வியோடு நிறுத்தியிருக்கலாம். பள்ளியில் பேசுவதற்கு ஒத்திகை பார்த்து வைத்திருந்ததால், "எங்கள் வட்டாரத்தின் நல்லதண்ணிக் கிணறு" என்று தொடங்கி, பெண், எருமை, மண்வெட்டி எல்லாவற்றையும் கையசைவுகளோடு முழுக்க ஒப்பித்தேன். கல்கத்தா சுரங்கத்தையும் தொட்டேன்.

ஃபௌஜிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நீதானே சொன்னே" என்று பெரிய தாவூவின் முதுகில் தட்டினார்.

"சின்னப் பையன் தொணதொணத்தான், சொன்னேன்" என்று பெரிய தாவூ தாடியைச் சொறிந்தார். பிறகு என்னிடம், "எழுதிட்டியா அதை?" என்றார்.

"எழுதிட்டேன், தாவூ. பச்சையில. பள்ளிக்கூடத்துல மாட்டப்போறாங்க."

அவர் முகம் மாறியது. எழுதுவது என்றால் அந்த ஊரில் ஒரு மரியாதையும் பயமும் உண்டு. அவர்களுடைய வயல்கள் போனதே எங்கேயோ யாரோ எழுதியதில்தான். அவர் வெகுநேரம் ஹூக்காவை இழுத்தார். புகை வரவில்லை, அணைந்திருந்தது.

"எழுதியாச்சுன்னா அவ்வளவுதான்" என்றார் கடைசியில். "பொண்ணு காட்டின கிணறு. பொண்ணு கும்பிட்டா குறைஞ்சா போகும்? போகச் சொல்லு, வெயில் ஏறுது."

தீர்ப்பு வந்தபோது அம்மா கிணற்றடியில் இருந்தாள். பெண்கள் ஓட வேண்டியதாயிற்று.

அம்மா கிணற்றின் விளிம்பில் தண்ணீர் தெளித்து, ஒரு மஞ்சள் பொட்டு வைத்தாள். கையைக் கூப்பிக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்து, தமிழில், "தாமிரவருணித் தாயே, நீ இங்கயும் இருக்கன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றாள். அவ்வளவு ஆழத்தில் ஒரு வட்ட வானம் தெரிந்தது. நம்பர்தாரின் மனைவி இடுப்பிலிருந்து அந்தக் கறுப்புக் கயிற்றை எடுத்து, முகத்தைக் கொஞ்சம் கடுப்பாக வைத்துக்கொண்டே, தங்கையின் இடுப்பில் கட்டினாள். கட்டி முடித்ததும் அந்தச் சின்ன வயிற்றில் விரலால் ஒரு தட்டு தட்டினாள். பாட்டு மறுபடி கிளம்பியது. இந்த முறை எல்லாரும் பாடினார்கள்.

வீடு திரும்பியதும் குடத்தைத் தலையிலிருந்து இறக்க வேண்டியது கணவனின் தம்பியாம். சித்தப்பா திருநெல்வேலியில் இருந்ததால் நான் முன்வந்தேன். தூக்கிய வேகத்தில் குடம் என் தலையில் கவிழ்ந்தது. தில்லி ஜனவரியில், ஊர்ப் பெண்கள் அத்தனை பேர் முன்னிலையில், நான் நல்லதண்ணீரில் குளித்தேன். இனிக்கத்தான் செய்தது.

பதாசா இல்லையே என்று உதறலோடு நின்றபோது, தாயி தன் அடுக்களையிலிருந்து ஓர் அண்டாவை இழுத்து வந்தாள். வேகவைத்த கோதுமையும் கொண்டைக்கடலையும், மேலே வெல்லம். பக்கத்தில் ஒரு கூடை பதாசா. அன்று நான் வரிசையில் ஒரு தடவைதான் நின்றேன். பல் கிட்டிக்கொண்டிருந்ததால் முகத்தை மாற்ற முடியவில்லை.

பள்ளியில் என் பேச்சு பெரும் வெற்றி. கல்கத்தா அம்புக்குறியை மட்டும் டீச்சர் அழிக்கச் சொன்னார். கிணற்றைப் பற்றி நான் பேசியது ஊரில் ஒரு சட்டத்தையே மாற்றிவிட்டது என்று அப்பாவின் அலுவலக நண்பர்கள் வரை சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நம்பிக்கையோடுதான் வளர்ந்தேன். கொண்டைக்கடலை முந்தைய நாளே ஊறினால்தான் வேகும் என்பது, எனக்குக் கல்யாணமாகி நானே சமைக்க நேர்ந்தபோது தெரிந்தது. அடுப்படியில் கரண்டியோடு அப்படியே நின்றேன். நாற்பது நாளும் என் தங்கைக்கு எண்ணெய் தேய்த்தவள் தாயி. பிறந்தது என்ன பிள்ளை என்று அந்த ஊரில் தெரிந்த ஒரே ஆள். என் அழைப்பை ஒரு வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். மேல்தெருவுக்கும் ஓடு என்றாள்.

கிணற்றடியில் இன்னொன்றும் நடந்தது. அம்மா பொட்டு வைத்து நகர்ந்ததும், தாயி அதே மஞ்சளைத் தொட்டு, விளிம்பில் அந்தப் பொட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக இன்னும் மூன்று பொட்டுகள் வைத்தாள். ஒவ்வொன்றையும் வைத்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். முக்காட்டுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு பெயரை முணுமுணுத்தாள்.

"எங்களுக்கு ஒரு பாப்பாதானே, தாயி, எதுக்கு இவ்வளவு?" என்று கேட்டேன்.

"அழகுக்கு" என்றாள்.

விடுமுறையின் கடைசி நாளில் சார்ட்டில் கிணற்றைச் சுற்றி எல்லாவற்றையும் திருத்தி வரைந்தேன். சௌபால், கட்டில்கள், அணைந்த ஹூக்கா, என் தலையில் கவிழ்ந்த குடம் உட்பட. எங்கள் வீட்டுப் பொட்டு ஒன்றையும் மஞ்சளில் வைத்தேன். மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். அழகுக்கு வைத்ததெல்லாம் புவியியலிலும் சேராது, வரலாற்றிலும் சேராது என்று நினைத்தேன்.